பக்கவாதத்துக்குப் பின் கையும் மணிக்கட்டுப் பட்டையும்: வாசகர் கேள்வி – பதில்

பக்கவாதத்தில் விழுந்த கை எந்த அளவுக்கு மீண்டிருக்கிறது என்பதை, மணிக்கட்டில் கட்டும் உணரிகளைக் கொண்டு அளப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது இவ்வளவு கடிதங்களைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவருக்கு வயது 58. ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் சரியாகி நடக்கிறார். கைக்கு பிசியோதெரபி தொடர்கிறது. தொடக்கத்தில் 66க்கு 31 ஆக இருந்த மதிப்பெண் இப்போது 44 ஆகிவிட்டது என்கிறார்கள். வீட்டிலோ அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூட எடுப்பதில்லை. இப்போது இரண்டு மணிக்கட்டிலும் கைக்கடிகாரம் போன்ற பட்டைகளைக் கட்டி மூன்று நாள் இருக்கச் சொல்கிறார்கள். மதிப்பெண் ஏறியது உண்மையானால் இது எதற்கு? நன்றாக இருக்கும் வலது கைக்கும் எதற்கு?
– வாசகி, கும்பகோணம்

மதிப்பெண் ஏறியதும் உண்மை, அவர் டம்ளரை எடுக்காததும் உண்மை. 66க்கு இத்தனை என்று உங்களிடம் சொன்னது ஃபூகல்-மேயர் சோதனையின் கைப் பகுதியாக இருக்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த ஃபூகல்-மேயரும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட இந்தச் சோதனைதான் இன்றும் உலகெங்கும் பக்கவாத மறுவாழ்வில் மிகுதியாகப் புழங்குகிறது. தோளை உயர்த்துங்கள், முழங்கையை மடக்காமல் கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள், விரல்களை விரியுங்கள் என்று 33 செயல்களைச் செய்யச் சொல்லி, முடியவில்லை என்றால் சுழி, ஓரளவு முடிந்தால் 1, முழுமையாக முடிந்தால் 2 என்று போடுவார்கள். அமைதியான அறையில், எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள, முழுக் கவனத்தையும் அந்தக் கையின்மேல் வைத்து உங்கள் கணவர் என்ன செய்ய வல்லவர் என்பதை அது அளக்கிறது. காலை எட்டு மணிக்கு, காபி ஆறிக்கொண்டிருக்க, பக்கத்தில் நல்ல கை தயாராக இருக்கும்போது எந்தக் கை நீள்கிறது என்பது அந்தத் தாளில் வராது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடு, செய்ய இயலும் திறன் வேறு, அன்றாடச் சூழலில் உண்மையில் செய்வது வேறு என்று இவ்விரண்டையும் தனித்தனியே வைக்கிறது. முன்னது கூடினால் பின்னதும் தானாகக் கூடும் என்றுதான் எங்கள் துறை நெடுங்காலம் நம்பிவந்தது, நானும் நம்பியவன்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் லாங் தலைமையில் இயங்கும் குழு, தீவிரமான கைப்பயிற்சி பெற்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டு உணரிகளைக் கட்டிப் பார்த்து, 2017இல் தன் முடிவை வெளியிட்டது. சோதனை அறையில் மதிப்பெண் ஏறியிருந்தது. வீட்டில் கையின் பயன்பாடோ, குழுவாக எடுத்துக்கொண்டால், ஏறவே இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் கண்ணால் காண்பதைத்தான் அந்த ஆய்வு எண்ணால் கண்டது.

வலது கைக்கும் பட்டை எதற்கு என்றால், ஒரு கை எவ்வளவு அசைந்தது என்ற எண் தனியாகப் பொருள் தராது. உங்கள் கணவர் அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்திருந்தால் இரண்டு கைகளுமே குறைவாகத்தான் அசைந்திருக்கும். பேரனோடு விளையாடியிருந்தால் இரண்டும் கூடியிருக்கும். நல்ல கையோடு ஒப்பிட்டால்தான் அந்த நாளின் சுறுசுறுப்பைக் கழித்துவிட்டு, வேலையில் இடது கையின் பங்கு எவ்வளவு என்று பார்க்க முடியும்.

அந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது? கை அசைந்ததை அது எப்படி அறிகிறது?
– மாணவர், மதுரை

உங்கள் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதைச் செய்யும் அதே உறுப்புதான். முடுக்கமானி என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் சிலிக்கானில் செதுக்கிய ஒரு சிறு நிறை, அதைவிட மெல்லிய வில் போன்ற இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கும்; பட்டை முடுக்கம் பெறும்போது அந்த நிறை இம்மியளவு பின்தங்கும்; அதனால் பக்கத்துத் தகடுகளுக்கிடையே மின்தேக்கத் திறன் மாறும்; அந்த மாற்றம் எண்ணாகப் பதியும். மூன்று திசைகளிலும், நொடிக்கு 30 முதல் 100 முறை வரை இது நடக்கும். மேசைமேல் சும்மா வைத்தாலும் இக்கருவி சுழியைக் காட்டாது. புவியீர்ப்பை எப்போதும் உணர்ந்துகொண்டிருப்பதால் ஒரு ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) என்று காட்டும். கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அறிய உதவுவதும் அதுவே. விலை கூடிய கருவிகளில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பும், திசையறியும் காந்தமானியும் சேர்ந்திருக்கும்.

இப்படிக் குவியும் எண்களை ஒவ்வொரு நொடிக்கும் ஓர் அசைவளவாகச் சுருக்கி, அந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த நொடியில் கை பயன்பட்டது என்றும், தாண்டாவிட்டால் சும்மா இருந்தது என்றும் கொள்வது பழைய, எளிய முறை. பக்கவாதக் கைக்கு இப்படி வரம்பு வைத்துப் பிரிக்கும் வழியை அலபாமா பல்கலைக்கழகத்தின் உஸ்வாட்டே, டாப் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பயன்பட்ட நொடிகளைக் கூட்டினால் ஒரு நாளில் ஒரு கை எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்பது கிடைக்கும். பாதித்த கையின் மணிகளை நல்ல கையின் மணிகளால் வகுத்தால் பயன்பாட்டு விகிதம் கிடைக்கும்.

நோயற்றவர்களிடம் இந்த எண் என்னவாக இருக்கும் என்று லாங் குழு 74 பேரிடம் பார்த்தபோது, பழக்கக் கை நாளொன்றுக்கு ஏறத்தாழ 9.1 மணி நேரமும் மற்றக் கை 8.6 மணி நேரமும் அசைந்தன, விகிதம் 0.95. இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. எழுதுவதும் உண்பதும் வலது கை என்பதால் இடது கை பாதி நேரம் ஓய்வில் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. சட்டைப் பொத்தான் போடுவது, துணி பிழிவது, பாட்டில் மூடி திறப்பது, சாவி திருப்பும்போது கதவை இழுத்துப் பிடிப்பது என்று அன்றாட வேலை பெரும்பாலும் இரண்டு கைகளும் சேர்ந்து செய்வதுதான். பக்கவாதம் வந்து முதல் சில வாரங்களில் மருத்துவமனையில் இருப்பவர்களிடம் இதே குழு முன்பு அளந்தபோது பாதித்த கை 3.3 மணி நேரம், நல்ல கை 6 மணி நேரம் என்று வந்தது. நல்ல கையும் 9இலிருந்து 6க்கு இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு நல்ல கைக்கும் வேலை இல்லை.

இரு கைகளின் அசைவையும் நொடிக்கு நொடி ஒரே படத்தில் புள்ளிகளாக இடும் முறையும் உண்டு. நோயற்றவரின் படம் கவிழ்த்து வைத்த பம்பரம் போல இரு பக்கமும் ஒத்து நடுவில் அடர்ந்திருக்கும். பக்கவாதம் வந்தவரின் படத்தில் பம்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் தேய்ந்துபோயிருக்கும். எண்களைவிட அந்தப் படத்தைக் காட்டினால் வீட்டார் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

என் அப்பாவுக்குப் பட்டை கட்டிப் பார்த்ததில் வலது கை ஐந்து மணி நேரம் பயன்பட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. ஆனால் அவர் காலையும் மாலையும் நெடுந்தூரம் நடப்பவர். மற்ற நேரம் கையை மடியில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அறிக்கையை நம்புவதா, என் கண்ணை நம்புவதா?
– வாசகர், திருநெல்வேலி

கண்ணை நம்புங்கள். இந்த முறையின் பெரிய குறையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நடக்கும்போது கை தானாக ஆடும். அந்த ஆட்டத்தை எளிய வரம்பு முறை வேலை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். குண்டும் குழியுமான சாலையில் பேருந்தில் போனாலும், பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்து மடக்கி நீட்டினாலும், நல்ல கையால் பாதித்த கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாலும் பட்டைக்கு அசைவு அசைவுதான். யார் அசைத்தது, எதற்காக அசைத்தது என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வெங்காயம் நறுக்கும்போது ஒரு கை கத்தியை ஓட்டுகிறது, மற்றக் கை வெங்காயத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. தோசைக்கல்லின் பிடியை அழுத்திப் பிடிப்பது, எழுதும்போது தாளை நழுவாமல் வைப்பது, பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மூலையை வெட்டுவது எல்லாம் இப்படித்தான். பாதித்த கைக்கு இவை மிகச் சிறந்த வேலைகள்; பட்டையிலோ அவை ஓய்வாகப் பதியும். விரல்கள் தனியே செய்யும் நுண்வேலையும் மணிக்கட்டுக்கு எட்டாது. அதனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், விரலில் ஒரு காந்த மோதிரமும் மணிக்கட்டில் அதை உணரும் கருவியும் அணிவித்து விரலசைவை எண்ணும் முயற்சி நடந்தது.

நடையைப் பிரித்தெடுக்க ஒரு வழி, கை எந்தச் சாய்வில் எவ்வளவு திரும்பியது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. முன்கை ஏறத்தாழக் கிடைமட்டத்தை ஒட்டி இருக்க, அதன் திசை போதிய அளவு மாறியிருந்தால் மட்டுமே பயன்பாடு என்று கொள்ளும் விதி ஒன்றை சூரிச் நகரின் ஆய்வாளர்கள் வகுத்தனர். தொங்கும் கை நடையில் ஆடினால் இந்த விதியில் சேராது. இம்முறைகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையிலிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். உணரி கட்டியவர்களைக் காணொளியில் பதிந்து, எந்த நொடியில் கை உண்மையிலேயே வேலை செய்தது என்று தெரபிஸ்டுகளைக் கொண்டு குறிக்கச் செய்து, அதனோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தனர். எளிய வரம்பு முறை எந்த அசைவையும் தவறவிடாது, ஆனால் வேலையல்லாததையும் சேர்த்துக்கொள்ளும். கோணத்தைப் பார்க்கும் முறை அந்தத் தவற்றைக் குறைக்கும், ஆனால் சில உண்மையான வேலைகளைத் தவறவிடும். அவரவர் தரவைக் கொண்டே கற்பித்த கணினி முறை இரண்டையும்விட நன்றாகப் பிரிக்கும் என்பது அவர்கள் கண்டது.

உங்கள் அப்பாவின் அறிக்கைக்கு வருவோம். அடுத்த முறை கட்டும்போது நடைக்குப் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், பயணம், தெரபி, தூக்கம் இவற்றை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். அந்தப் பகுதிகளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடும்படி கேளுங்கள். ஐந்து மணி இரண்டாகக் குறைந்தால் வருந்த வேண்டாம். சிகிச்சைக்கு உதவப் போவது அந்த இரண்டுதான்.

கடைகளில் கிடைக்கும் ஸ்மார்ட் வாட்ச் இரண்டு வாங்கிக் கட்டினால் போதாதா?
– வாசகர், சேலம்

போதாது. அவை பெரும்பாலும் அடிகளையும் இதயத் துடிப்பையும் சொல்லவே அமைந்தவை. நொடிக்கு நொடி மூல எண்களைத் தராமல் தம் கணக்கில் சுருக்கிய முடிவையே காட்டும். இரண்டு கடிகாரங்களின் நேரமும் நொடி பிசகாமல் ஒத்திருந்தால்தான் இரு கைகளும் சேர்ந்து வேலை செய்த நேரத்தைப் பிரித்தறிய முடியும். மின்கலமும் மூன்று நாள் தாங்க வேண்டும்.

நான் இயன்மருத்துவராகப் (பிசியோதெரபிஸ்டாகப்) பணிபுரிகிறேன். நோயாளி ஒருவருக்கு ஃபூகல்-மேயர் சோதனை செய்ய அரை மணி நேரம் போகிறது. இருவர் சோதித்தால் மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு வேறுபடுகிறது. உணரிகள் இந்த வேலையையே எடுத்துக்கொள்ளும் நாள் வருமா? அசைவின் அளவை மட்டுமல்லாமல் அதன் தரத்தையும் அவற்றால் சொல்ல முடியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் முதலாவதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

நல்ல கை ஒரு குவளையை நோக்கி நீளும்போது அதன் வேகம் ஒரே ஏற்றமாக எழுந்து ஒரே இறக்கமாக அடங்கும். வரைந்தால் கோயில் மணியைக் கவிழ்த்தாற்போல் ஒற்றை மேடு. பக்கவாதக் கை அதே தூரத்தைப் பல துண்டுகளாகக் கடக்கும்: சற்று நகரும், தயங்கும், திருத்திக்கொள்ளும், மறுபடி நகரும். வரைபடத்தில் ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு மேடுகள். கை மீள மீள அந்த மேடுகள் ஒன்றோடொன்று கலந்து குறையும். இந்தச் சீர்மையை ஒரே எண்ணாக்கப் பல சூத்திரங்கள் உண்டு. வேகத்தின் அதிர்வெண் நிரலை, அதாவது எந்தெந்த அதிர்வெண் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை, வரைந்து, அந்த வளைகோட்டின் நீளத்தை அளவாகக் கொள்ளும் சூத்திரத்தை சிவகுமார் பாலசுப்பிரமணியன், மெலெண்டெஸ்-கால்டெரோன், பர்டெட் ஆகியோர் 2012இல் வெளியிட்டனர். அசைவின் கால அளவும் வீச்சும் மாறினாலும் இந்த எண் குழம்பாது என்பது இதன் சிறப்பு. முதலாமவர் மேலே சொன்ன வேலூர்த் துறையைச் சேர்ந்தவர்.

ஆனால் உணரியிலிருந்து இதைக் கணிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. முடுக்கமானி தருவது முடுக்கம். வேகம் வேண்டுமானால் அதைத் தொகையிட வேண்டும். தொகையிடும்போது மிகச் சிறிய பிழையும் நொடிக்கு நொடி சேர்ந்து, மேசையில் கிடக்கும் கையைப் பறப்பதாகக் காட்டிவிடும். அதனால் சீர்மையைக் கைரோஸ்கோப் தரும் சுழற்சி வேகத்திலிருந்து நேரே கணிப்பது பாதுகாப்பானது. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று கேட்காமல் அவை காட்டும் சீர்மை மதிப்பெண்ணை ஏற்க வேண்டாம்.

மதிப்பெண்ணையே கணிக்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. பாஸ்டனின் ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் பாவ்லோ பொனாட்டோவின் குழு, கையிலும் உடலிலும் முடுக்கமானிகளைக் கட்டி, கைவேலைகளின் வேகத்தையும் தரத்தையும் மதிப்பிடும் வுல்ஃப் சோதனையின் சில பணிகளை மட்டும் செய்யவைத்து, தெரபிஸ்ட் தரக்கூடிய தர மதிப்பெண்ணை அதிலிருந்து கணித்துக் காட்டி 2010இல் வெளியிட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஷாம்ப்ராவும் கார்லோஸ் ஃபெர்னாண்டெஸ்-கிராண்டாவும் வேறு வழியில் போனார்கள். எந்தக் கைவேலையும் எட்டுதல், இடம்பெயர்த்தல், நிலைநிறுத்திப் பிடித்தல், திரும்ப வைத்தல், சும்மா இருத்தல் என்ற சில அடிப்படை அசைவுகளால் ஆனது என்று கொண்டு, மேலுடலில் ஒன்பது உணரிகளைக் கட்டிய 41 பக்கவாத நோயாளிகளிடம் அவற்றைக் கணினியே எண்ணும்படி செய்தனர். 2022இல் வெளியான முடிவின்படி சராசரியாக 77 விழுக்காடு அசைவுகள் சரியாகப் பிடிபட்டன. அசையாமல் பிடிப்பதையும் ஒரு வேலையாக இந்தப் பட்டியல் சேர்த்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்தது. திருநெல்வேலி வாசகருக்கு நான் சொன்ன வெங்காயம் இதில் கணக்கில் வரும்.

இப்படி எண்ணுவதில் உங்களைப் போன்றோருக்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் ஒரே பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை கை நீள்கிறது. மனிதர்களின் தெரபி அறையிலோ, லாங் குழு 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு முறை வந்தால் பொருளுள்ள கைவேலை சராசரியாக 32 தடவைதான் நடக்கிறது. மருந்தோடு ஒப்பிட்டால், நாம் என்ன மருந்து கொடுக்கிறோம் என்று எழுதுகிறோம், எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவதில்லை.

சோதனைத் தாளையே உணரிகள் எடுத்துக்கொள்ளுமா என்றால், அந்த நாளை நான் எதிர்பார்க்கவில்லை, விரும்பவும் இல்லை. குவளையை எட்டும்போது தோளைத் தூக்கி, உடம்பை முன்னே சாய்த்து நோயாளி ஈடுகட்டுவதை உங்கள் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும். மணிக்கட்டுப் பட்டைக்கு அது வெற்றிகரமான அசைவு. விரல் விரியாததற்குத் தசை இறுக்கம் காரணமா, வலுவின்மை காரணமா என்பதை உங்கள் கை தொட்டுத்தான் அறியும். அரை மணி நேரம் போவது எனக்கும் சலிப்புத்தான். ஆனால் அந்த அரை மணியில்தான் நோயாளி தன் தோள்வலியைப் பற்றி முதல்முறையாகச் சொல்வார்.

அம்மாவுக்கு வலது கை பாதிப்பு. முதல் அறிக்கையில் விகிதம் 0.5. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின்னும் அதே 0.5. மனம் உடைந்துபோனார்கள். எத்தனை வந்தால் நல்லது என்று சொல்லுங்கள், அதை இலக்காக வைத்துக்கொள்கிறோம்.
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு அறிக்கைகளிலும் விகிதத்துக்கு மேலே இருக்கும் மணிக்கணக்கை முதலில் பாருங்கள். முன்பு வலது கை 2 மணி, இடது கை 4 மணி என்றிருந்து, இப்போது 3 மணி, 6 மணி என்று ஆகியிருந்தால் விகிதம் நகராது; ஆனால் அம்மா படுக்கையை விட்டு எழுந்து அடுக்களைக்கு வந்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். பாதித்த கை அரைப்பங்கு கூடுதலாக வேலை செய்திருக்கிறது. மாறாக, காய்ச்சலில் படுத்திருந்த நாளில் அளந்து வலது 2 மணி, இடது 3 மணி என்று வந்தால் விகிதம் 0.67 ஆக உயரும். அதைக் கொண்டாடினால் அசட்டுத்தனம். விகிதத்தை மட்டும் தனியே அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

இலக்கு எண் தர எனக்கு மனமில்லை. 0.95 என்பது அமெரிக்காவில் முள்கரண்டியும் கத்தியும் பிடித்து இரு கையாலும் உண்பவர்களிடம் எடுத்தது. நம் வீட்டில் ஒரே கையால் பிசைந்து அதே கையால் உண்கிறோம். இடது கை இலையோரம் சும்மா இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்துவது முறையாகாது. வலது கை விழுந்தவருக்கு நம்மிடையே வேறு துன்பமும் உண்டு. பந்தியில் இடது கையால் உண்ணக் கூச்சப்பட்டுத் திருமணங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கரண்டியோ, மருமகளின் கையோ பழகிப்போய், மீண்டுவரும் கைக்கு அந்த வேலை கிடைக்காமலே போய்விடுகிறது. அம்மாவின் கை எந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். தயிர்சாதத்தைத் தானே பிசைய வேண்டும் என்றால் அதுதான் இலக்கு. அதை ஒரு நாளில் எத்தனை வேளை செய்கிறார்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள். பட்டையின் மணிக்கணக்கு அதற்குத் துணையாக இருக்கட்டும்.

எனக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இனி இந்தப் பட்டையைக் கட்டுவதால் கை தேறுமா?
– வாசகர், சென்னை

பட்டை கட்டுவதால் கை தேறாது. எடைக்கருவிமேல் ஏறி நின்றால் எடை குறையாது அல்லவா? கை பயன்படாமல் சற்று நேரம் இருந்தால் அதிர்ந்து நினைவூட்டும் பட்டைகளைச் சிலர் சோதித்து வருகிறார்கள். தனியாக அதை நம்பிப் பணம் செலவிடும்படி நான் சொல்ல மாட்டேன்.

காலத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்வதானால், பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் கையின் பயன்பாடு மூன்று முதல் ஆறு வாரங்களிலேயே ஒரு சமநிலையை நெருங்கிவிடுகிறது என்று உணரி கட்டிப் பின்தொடர்ந்த லாங் குழுவின் 2021ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 72 பேரிடம் நடந்து அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தபோது, பக்கவாதம் வந்து இரண்டு முதல் மூன்று மாதம் ஆன நிலையில் பெற்றவர்களுக்கே மிகுதியான பயன் கிடைத்தது. ஆறு மாதத்துக்குப் பின் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் தெரியவில்லை. புதிதாகப் பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தார் இதைப் படித்தால், கால் நடக்கட்டும், கையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு வேறொரு செய்தி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் உங்கள் கை செய்யாமலிருக்கும் வேலைகளில் ஒரு பகுதி, செய்ய முடியாததால் அல்ல, செய்யாமல் பழகியதால் நின்றுபோனதாக இருக்கலாம். முதல் மாதங்களில் முயன்று தோற்று, நல்ல கையிடம் ஒப்படைத்துவிட்ட பழக்கம், கை ஓரளவு மீண்ட பிறகும் நீடிக்கிறது. அலபாமாவின் எட்வர்ட் டாப் இதை விளக்கி, நல்ல கைக்கு உறை மாட்டிப் பாதித்த கையைத் தீவிரமாக வேலை வாங்கும் முறையை உருவாக்கினார். 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காட்டை இலக்காக வைத்து இரண்டு வாரம் உறை அணிந்து பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினர். அவர்கள் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களுக்குள் இருந்தவர்கள். விரல்களையும் மணிக்கட்டையும் ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும்.

பட்டை உங்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான். சோதனை அறையில் உங்கள் மதிப்பெண் உயர்ந்தும் பட்டையில் பயன்பாடு மிகக் குறைந்தும் இருந்தால், கையில் திறன் தூங்குகிறது என்று பொருள்; அந்த இடைவெளியைக் குறைக்க முயலலாம். இரண்டும் குறைவாக இருந்தால், நல்ல கை ஒன்றைக் கொண்டே வேலைகளை எளிதாக்கும் வழிகளையும், பாதித்த கையின் தோளும் விரல்களும் இறுகாமல் காப்பதையும் பற்றி உங்கள் தெரபிஸ்டிடம் பேசுவது பயன் தரும்.

பட்டையைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை யாவை? குளிக்கும்போது கழற்றலாமா? நம் பேச்சையெல்லாம் அது பதிவு செய்யுமா?
– வாசகி, ஈரோடு

முடுக்கமானிப் பட்டையில் பொதுவாக ஒலிவாங்கியும் படக்கருவியும் இருப்பதில்லை. ஆனால் எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு நடந்தீர்கள் என்பது அந்த எண்களிலிருந்து தெரிந்துவிடும். ஆகவே தரவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. தோல் வீங்கியிருக்கும் கையில் இறுக்கிக் கட்டக் கூடாது. பக்கவாதக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் பட்டைக்கு அடியில் சிவந்திருக்கிறதா என்று காலையும் இரவும் வீட்டார்தான் பார்க்க வேண்டும். நீர் புகாத கருவியானால் குளிக்கும்போதும் இருக்கலாம். துணி பிழிவதும் தலை துவட்டுவதும் பதிவாகட்டும். கழற்றினால் கழற்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரமெல்லாம் கை ஓய்வெடுத்ததாகக் கணக்காகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, எந்தப் பட்டை எந்தக் கைக்கு என்று கெட்டியான மையால் எழுதி ஒட்டிவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓரிடத்தில், இடது கை விரல்கூட விரியாத ஒருவரின் அறிக்கையில் இரண்டாம் நாள் நண்பகலிலிருந்து அந்தக் கை திடீரென்று வலது கையை மிஞ்சி வேலை செய்திருந்தது. நாங்கள் மூன்று பேர் அந்த வரைபடத்தின்முன் உட்கார்ந்து காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். தசை இறுக்கத்தில் வரும் நடுக்கமாக இருக்குமோ என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் அவருடைய மனைவியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "குளிச்சுட்டு வந்தப்போ ரெண்டையும் துடைச்சு நான்தாங்க மறுபடி கட்டிவிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு?" என்றார்.